வரிசையில் மட்டும்

ஒப்துலியாவின் நிசானுக்கு வந்த நோய்
ஓரிடத்தில்தான் வரும்.
ஓடினால் குளிரும்.
சான் லூயிஸ் சாலையில் விரல் விறைக்கும் என்றாள்.
எல்லை வரிசையில் நின்றால் மட்டும்
கால் மணி நேரத்தில்
அடுப்பு ஊதுகிற மாதிரி ஊதும்.

எனக்கு முன் இரண்டு மெக்கானிக் பார்த்திருக்கிறார்கள்.
இருவரும் காஸ் ஏற்றியிருக்கிறார்கள்.
இருவரும் காசு வாங்கியிருக்கிறார்கள்.

மெக்ஸிகாலியில் ஆகஸ்ட்.
வெளியே வைத்த ஸ்பேனரைத் துணி சுற்றித்தான் எடுக்க வேண்டும்.
பட்டறைக்குள் வண்டியை ஏற்றி
நீலக் குழாயும் சிவப்புக் குழாயும் மாட்டினேன்.
சிவப்பு முள் கொஞ்சம் கர்வமாய் நின்றது,
அவ்வளவுதான்.
காற்று வரும் வாயில் வெப்பமானி: ஏழு டிகிரி.
ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். ஏழேதான்.
"ஒன்றுமில்லை" என்றேன்.
"ஒன்றுமில்லாமலா முதுகெல்லாம் வேர்க்குரு?"
என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மூன்றாம் முறை வந்தபோது
நானும் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.
பானெட் இடுக்கு வழியே குழாய்களை வெளியே இழுத்து
கேஜை வைப்பரோடு சேர்த்துக் கட்டினேன்.
நட, அது குடியிருக்கும் இடத்துக்கே போவோம்.

அவளுக்கு எல் சென்ட்ரோவில் முதியோர் இல்லத்தில் வேலை.
மதிய ஷிப்ட்.
பதினொரு வருடமாக
இந்த வரிசையிலேயே சாப்பிட்டு
இந்த வரிசையிலேயே சீருடை மாற்றுகிறாள்.
எங்களுக்கு முன்னால் இருநூறு வண்டி இருக்கும்.
சுரோ விற்கிற பையன் கண்ணாடியில் குனிந்து
"இது வெடிக்குமா?" என்றான்.
"வரிசை நகராவிட்டால் வெடிக்கும்."

முந்நூறு.
முந்நூற்று ஐம்பது.
சிவப்பு முள் ஏறுவதை
அவள் தன் நோயாளியின் காய்ச்சலைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.
நானூற்று இருபதில் கிளட்ச் 'டிக்' என்று விட்டுவிட்டது.
காற்று சுட்டது.

முன்னால் நின்ற ஒவ்வொரு வண்டியின் அடியிலும்
ஏசி சொட்டிய சின்ன ஈரம்.
ஒரு செவலை நாய்
வண்டி வண்டியாய் நக்கிக்கொண்டே வந்து
எங்களிடம் ஒரு கணம் நின்று
மோந்து பார்த்து
அடுத்த வண்டிக்குப் போய்விட்டது.
அதற்குத் தெரிந்தது
எனக்கு ஒரு வாரமாகத் தெரியவில்லை.

பானெட்டைத் தூக்கினேன்.
கண்டென்சர் விசிறி
செத்த தும்பியின் இறக்கைபோல் கிடந்தது.
வயரில் பன்னிரண்டு வோல்ட்
வாசல்வரை வந்து தட்டுகிறது,
உள்ளே ஆள் எழவில்லை.
ஸ்பேனரின் பின்பக்கத்தால் மோட்டார் தலையில் ஒரு தட்டு.
முனகியது. சுற்றியது.
முள் இறங்க ஆரம்பித்தது.
பின்னால் இருந்த ஹாரன்கள் எல்லாம்
எனக்குக் கைதட்டலாகக் கேட்டன.

அப்போதுதான் உறைத்தது.
பட்டறையில் எனக்கு வியர்க்கக் கூடாதென்று
நான் வைத்திருக்கும் ஆளுயரக் காற்றாடி
நேராக அவள் பானெட்டைப் பார்த்து நின்றது.
செத்த விசிறியின் வேலையை
ஒரு வாரமாக அதுவே பார்த்திருக்கிறது.
என் சுகம்தான் அவள் நோயை மறைத்திருக்கிறது.
இதை அவளிடம் சொல்லவில்லை.
பாதி கூலி போதும் என்று மட்டும் சொன்னேன்.

சாவடி தெரிந்தது.
எனக்கு அந்தப் பக்கத்துக்குத் தாள் கிடையாது.
கேஜை அவிழ்த்துத் தோளில் போட்டு
இறங்குமுன் ஸ்பேனரை அவளிடம் நீட்டினேன்.
"மறுபடி தூங்கினால் ஒரு தட்டு. பலமாக வேண்டாம்."

சனிக்கிழமை மோட்டாரை மாற்றினேன்,
பழைய இரும்புக் கடையில் கழற்றியது.
பழையதைப் பிளந்தால்
கார்பன் பிரஷ் நகக்கண் அளவு தேய்ந்திருந்தது.
காஸை இறக்கி எடை போட்டேன்:
ஐந்நூறு கிராம் இருக்க வேண்டிய இடத்தில்
எழுநூற்று இருபது.
முக்கால் மணி நேரம் வெற்றிடம் இழுத்து
ஐந்நூறு மட்டும் விட்டேன்.
வரிசையில் ஒரு மணி ஐம்பது நிமிடம்,
ஸ்வெட்டர் போட்டிருந்தேன் என்றாள் போனில்.

இப்போது என் காற்றாடி சுவரைப் பார்த்து நிற்கிறது.
எனக்கு வியர்க்கிறது.

பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனரை
அவள் இன்னும் திருப்பித் தரவில்லை.
சீட்டுக்கு அடியில் கிடந்து
தினமும் அந்தப் பக்கம் போய்
வந்துகொண்டிருக்கிறது.